பேக்ல யாரு நிக்கிறது?



பொங்கல் இதழ் கைக்கு வந்த பத்தாம் நாள் ஜெயங்கொண்டத்திலிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. எழுதியவர் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர். பாராட்டு இரண்டு வரி, குறை எட்டு வரி. "கோல் போட்டவன், ரைடு போய்ப் பாயிண்ட் எடுத்தவன், சிக்ஸர் அடிச்சவன்னு எல்லாரையும் எழுதிட்டீங்க. இத்தனை வருசத்துல ஒரு பேக்கைப் பத்தி ஒரு வரி எழுதியிருக்கீங்களா?" கடைசி வரிக்குச் சிவப்பு மையில் அடிக்கோடு வேறு. பழக்கதோஷம்.

பழைய இதழ்களை எடுத்துப் புரட்டினேன். அவர் சொன்னது சரிதான். அரியலூர் பெற்ற பிள்ளை கார்த்தி செல்வம் இந்திய ஹாக்கி அணியில் இடம்பிடித்ததையும், 2022-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிராக கோல் போட்டதையும் பக்கம் பக்கமாகக் கொண்டாடியிருக்கிறோம். கொண்டாட வேண்டியவர்தான். ஆனால் அவர் ஆடுவது முன்களம். தடுப்பாட்டக்காரர் ஒருவரையும் நம் இதழ் கண்டுகொண்டதில்லை.

எனக்கு இதில் சொந்தக் குற்ற உணர்ச்சியும் உண்டு. நானே ஒரு பேக்.

எட்டாவது படிக்கும்போது எங்கள் கூட்டத்தில் கால்பந்துக்கு இடம் பிரிக்கும் முறை எளிமையானது. வேகமாக ஓடுகிறவன் ஃபார்வர்டு. உயரமானவன் கோலி. பந்து யாருடையதோ அவன் எங்கே வேண்டுமானாலும் ஆடலாம், யாரும் கேட்க முடியாது. மிச்சம் இருக்கிறவன் பேக். நான் எப்போதும் மிச்சம். ஓடைப் பக்கம் பொறுக்கி வந்த இரண்டு கல்தான் கோல் கம்பம். அதில் ஒரு கல்லில் நத்தை ஓடு மாதிரி ஒன்று வரி வரியாகப் பதிந்திருக்கும். அரியலூர் மண் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலடியில் கிடந்தது, நாங்கள் கோல் கம்பமாக நட்டு வைத்திருந்தது ஏதோ ஒரு கடலுயிரின் மிச்சம் என்று பிறகுதான் தெரிந்தது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். அந்தக் கல்லுக்குள்ளே பந்து போனால் ஏச்சு எனக்கு, போகாவிட்டால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

வாத்தியாருக்குப் பதில் சொல்ல ஒருவரைத் தேடினேன். சிக்கியவர் ஸ்பெயின்காரர். அந்நிய தேசத்து ஆளைக் கொண்டுவந்து நிறுத்துகிறானே என்று கோபப்படாதீர்கள். அவருக்கும் நமக்கும் ஓர் ஒட்டு இருக்கிறது, சொல்கிறேன்.

பெயர் ஜுவான் காப்தெவிலா. கேட்டலோனியாவில் தாரெகா என்ற சிற்றூரில் 1978 பிப்ரவரி 3-ல் பிறந்தவர். 'ஜுவான்' என்பது அவர்கள் மொழியில் யோவான். ஏலாக்குறிச்சிப் பக்கம் பிறந்திருந்தால் அருளப்பன் என்று பெயர் வைத்திருப்பார்கள். ஆடிய இடம் லெஃப்ட் பேக், அதாவது நம் கோலுக்கு முன்னால் இடது ஓரம்.

ஆரம்பம் பார்சிலோனா நகரத்தின் இரண்டாவது அணியான எஸ்பான்யோலில். 1999-ல் அட்லெடிகோ மாட்ரிட்டுக்குப் போனார். போன முதல் பருவத்திலேயே அந்தப் பெரிய அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிட்டது. ராசி இப்படியா என்று நாமாக இருந்தால் பரிகாரத்துக்குக் கிளம்பியிருப்போம். அவர் 2000-ல் டெபோர்டிவோ லா கொருன்யாவுக்குக் கிளம்பினார். அதே 2000-ல் சிட்னி ஒலிம்பிக்கில் ஸ்பெயின் இறுதிப் போட்டிவரை போனது. கேமரூனுக்கு எதிராக இரண்டு பேர் சிவப்பு அட்டை வாங்கி, ஒன்பது பேரோடு ஆடி, 2-2 என்று தாக்குப்பிடித்து, கடைசியில் பெனால்டியில் தோற்றது. வெள்ளிப் பதக்கம். அந்த அணியில் அவரோடு சாவியும் புயோலும் இருந்தார்கள். உலகம் அந்த இரண்டு பெயரையும் மனப்பாடம் செய்தது. காப்தெவிலா கொருன்யாவுக்குத் திரும்பி, ரொமேரோ என்ற மூத்தவரோடு ஒரே இடத்துக்குப் போட்டி போட்டுக்கொண்டு ஏழு ஆண்டுகள் இருந்தார்.

2007-ல் வில்லாரியலுக்கு வந்தார். ஒட்டு என்று சொன்னேனே, அது இங்கேதான்.

வில்லாரியல் என்ற ஊரின் மக்கள்தொகை சுமார் 50,000. பெரம்பலூர் நகராட்சி அளவுதான். கிழக்கே சற்றுத் தள்ளினால் கடல், சுற்றிலும் ஆரஞ்சுத் தோட்டம், ஊருக்குச் சோறு போடுவது ஓடு. கூரை ஓடு அல்ல, தரையிலும் சுவரிலும் பதிக்கும் டைல்ஸ். அணியின் முதலாளி பெர்னாண்டோ ரோய்க் டைல்ஸ் தொழில்காரர். 2017-ல் மைதானத்தின் பெயரையே ஊர்த்தொழிலின் நினைவாக 'செராமிகா' என்று மாற்றினார்கள். அரியலூரில் சிமெண்ட் ஆலைப் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த நமக்கு அந்த ஊரைப் புரிந்துகொள்ள வரைபடம் வேண்டாம். மண்ணைத் தோண்டு, அரை, சுடு, லாரியில் ஏற்று. அங்கும் அதே பிழைப்பு. வித்தியாசம் என்னவென்றால், அந்த 50,000 பேர் ஊரில் ஏறக்குறைய பாதிப் பேர் உட்காரக்கூடிய ஒரு கால்பந்து மைதானம் இருக்கிறது.

காப்தெவிலா சேர்ந்த முதல் பருவத்திலேயே வில்லாரியல் ஸ்பானிய லீக்கில் இரண்டாமிடம் பிடித்தது. ரியல் மாட்ரிட் முதலிடம், பார்சிலோனா மூன்றாமிடம். பெரம்பலூர் அணி சென்னைக்கும் கோவைக்கும் நடுவில் போய் உட்கார்ந்த மாதிரி. அதே 2008 கோடையில் வியன்னாவில் ஜெர்மனியை 1-0 என்று வென்று ஸ்பெயின் ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கியபோது பின்வரிசையில் நின்ற நால்வர் ராமோஸ், மார்ச்சேனா, புயோல், காப்தெவிலா.

இனி 2010. தென்னாப்பிரிக்கா உலகக் கோப்பை. வுவுசெலா ஊதல் காதைக் கிழித்த அந்த ஜூன், ஜூலை மாதங்கள் உங்களுக்கும் நினைவிருக்கும். எங்கள் தெருவில் ஒரு டீக்கடையில் இரவு 12 மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே ஆட்டம் ஓடியது. ஜூலை 11, ஜோகன்னஸ்பர்க், நெதர்லாந்துக்கு எதிரான இறுதிப் போட்டி. ஸ்பெயினின் தொடக்கப் பதினொருவர் பட்டியலை எடுத்துப் பாருங்கள். ஏழு பேர் பார்சிலோனா. அதில் டேவிட் வில்லா அப்போதுதான் வாலன்சியாவிலிருந்து ஒப்பந்தமாகியிருந்தார். மூன்று பேர் ரியல் மாட்ரிட். ஏழும் மூன்றும் பத்து. பதினோராவது ஆள் காப்தெவிலா, வில்லாரியல்.

இந்தக் கணக்கைப் பல நாள் கழித்துத்தான் கவனித்தேன். அன்றிரவு டீக்கடையில் அவர் பெயரை யாரும் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. இனியெஸ்டா, வில்லா, காசியாஸ் என்றுதான் கத்திக்கொண்டிருந்தோம். நான் உட்பட.

அந்தப் போட்டித்தொடரில் ஸ்பெயின் ஆடிய ஏழு ஆட்டத்திலும் ஒரு நிமிடம்கூட வெளியே உட்காராமல் ஆடியவர் அவர். அந்த ஏழு ஆட்டத்திலும் சேர்த்து ஸ்பெயின் வாங்கிய கோல் இரண்டு. சுவிட்சர்லாந்து ஒன்று, சிலி ஒன்று. அதற்குப் பிறகு போர்ச்சுகல், பராகுவே, ஜெர்மனி, நெதர்லாந்து என நான்கு நாக் அவுட் ஆட்டமும் 1-0. போட்ட கோல் மொத்தமே எட்டுதான். ஸ்பெயின் என்றால் பாஸ் பாஸாகத் தட்டி அழகாக ஆடும் அணி என்று எல்லாரும் எழுதினார்கள். கணக்கைப் பார்த்தால் அந்தக் கோப்பையை வென்றது பின்வரிசை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அரையிறுதியில் ஜெர்மனிக்கு எதிராகத் தலையால் முட்டி அந்த ஒரே கோலைப் போட்டவரும் ஒரு பேக்தான், புயோல்.

இடது ஓரத்தில் காப்தெவிலாவின் வேலை என்ன? சற்று விளக்கிவிடுகிறேன், வாத்தியார் பொறுத்துக்கொள்வார். ஸ்பெயினின் இடது பக்கம் ஆடிய முன்கள ஆள் அடிக்கடி நடுவுக்கு நகர்ந்துவிடுவார். ஓரம் முழுக்கக் காலியாகிவிடும். மேலே ஏறி ஆளாக நிற்கவும் இவர்தான் வேண்டும், பந்து பறிபோனால் அதே அறுபது எழுபது அடி... இல்லை, அதைவிடவும் அதிகத் தூரம், திரும்பி ஓடவும் இவர்தான் வேண்டும். மறுபக்கம் வலது பேக் ராமோஸ் துடிப்பான ஆள், வாய்ப்புக் கிடைத்தால் எதிரணி கோல்வரை போய்விடுவார். வீட்டில் ஒரு பிள்ளை ஊர் சுற்றினால் இன்னொரு பிள்ளை வீட்டில் இருந்தாக வேண்டும். இருந்தவர் இவர்.

இறுதிப் போட்டியில் அவர் பக்கம் வந்தவர் நெதர்லாந்தின் அர்யன் ராபன். வலது ஓரத்தில் நின்று உள்ளே வெட்டி இடது காலால் சுடுகிறவர். உலகம் முழுக்கத் தெரிந்த தந்திரம், ஆனாலும் தடுக்க முடியாத தந்திரம். பேக்குக்குக் கோடுதான் கூட்டாளி. "உள்ள விடாத, கோட்டுப் பக்கம் தள்ளு" என்று நம் ஊர்க் கோச்சும் கத்துவார். அன்று ராபன் தனியாகக் கோலியைப் பார்த்துப் பாய்ந்தது இரண்டு முறை. இரண்டும் நடுவில் பிளந்த பாதை, இரண்டிலும் காசியாஸ் காப்பாற்றினார். இடது ஓரத்தைத் தாண்டி உள்ளே வெட்டி அடித்த கோல் ஒன்றும் கிடையாது. 67-வது நிமிடம் காப்தெவிலாவுக்கு ஒரு மஞ்சள் அட்டை. 116-வது நிமிடம் இனியெஸ்டாவின் கோல். அதோடு முடிந்தது.

அவரைத் தெய்வமாக்கி வைக்கவும் எனக்கு விருப்பமில்லை. அதே தொடரில் போர்ச்சுகலுக்கு எதிரான ஆட்டம் முடியும் தறுவாயில் ரிக்கார்டோ கோஸ்டா என்பவருடைய முழங்கை பட்டது போல் இவர் விழுந்து புரண்டார். நடுவர் சிவப்பு அட்டை காட்டினார். மறு ஒளிபரப்பில் பார்த்தால் அது அப்படி விழுகிற அடியாகத் தெரியவில்லை. நடிப்பு. எங்கள் டீக்கடையிலேயே "சிவாஜி தோத்தாரு" என்றார் ஒருவர். நல்ல ஆட்டக்காரரின் கணக்கில் அது ஒரு கறைதான்.

வெள்ளாடு, காட்டுப்பன்றி, மயில் என்று எல்லாம் வந்து மேயும் மக்காச்சோளக் காட்டில் பரண் போட்டு இரவெல்லாம் உட்கார்ந்திருக்கும் ஆளை வேப்பந்தட்டைப் பக்கம் நீங்கள் பார்த்திருப்பீர்கள். கதிர் அறுத்து வீடு வந்து சேர்ந்த பிறகு எத்தனை மூட்டை என்று கேட்போம். எத்தனை பன்றியை விரட்டினாய் என்று கேட்பதில்லை. அழிந்திருந்தால் மட்டும், ராத்திரி தூங்கிட்டியா என்று முதலில் அவனைத்தான் கேட்போம். பேக்கின் பிழைப்பும் அதுதான். கபடியில் இந்த அநியாயம் கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். பாடி வந்தவனைக் கணுக்காலில் பிடித்து அமுக்கினால் பிடித்தவன் அணிக்குப் பாயிண்ட் உண்டு, கூட்டம் விசிலடிக்கும், கார்னரில் நிற்பவனுக்கு ஊரில் பேர் உண்டு. கால்பந்தில் தடுத்ததற்குப் பலகையில் எண் ஏறாது. நம் விளையாட்டை ஆடத் தெரிந்தவர்கள் கொஞ்சம் நியாயமாகவே விதி செய்திருக்கிறார்கள்.

உலகக் கோப்பை வென்ற மறு ஆண்டு அவர் போர்ச்சுகலின் பென்ஃபிகா அணிக்குப் போனார். அங்கே பெரும்பாலும் பெஞ்சில்தான் இருந்தார். உலக சாம்பியன் பெஞ்சில். 2012 ஐரோப்பியக் கோப்பைக்கான ஸ்பெயின் அணியில் அவர் இல்லை. அவர் இடத்துக்கு வந்த ஜோர்டி ஆல்பா இளைஞர், முன்களத்தில் ஆடிப் பழகியவர். இத்தாலியோடு இறுதிப் போட்டியில் மின்னல் மாதிரி ஓடிப் போய் ஒரு கோலே போட்டுவிட்டார். லெஃப்ட் பேக் கோல் போட்டதும் உலகமே அந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தது. ஸ்பெயினுக்காக 60 ஆட்டம் ஆடிய காப்தெவிலா போட்ட கோல் நான்கு.

பிறகு தொடங்கிய எஸ்பான்யோலுக்கே திரும்பினார். 2014-ல் அவர் வந்து சேர்ந்த இடத்தைக் கேட்டால் வியப்பீர்கள். குவாஹாட்டி. அந்த ஆண்டுதான் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியது. நார்த்ஈஸ்ட் யுனைடெட் அணியின் நட்சத்திர வீரராக 36 வயதில் வந்தார். அணியின் உரிமையாளர் இந்தி நடிகர் ஜான் ஆபிரகாம், அதாவது அவரும் ஓர் அருளப்பர். அக்டோபர் 13 அன்று முதல் ஆட்டத்தில் கேரளா பிளாஸ்டர்ஸை 1-0 என்று வென்றார்கள். பருவ முடிவில் எட்டு அணிகளில் எட்டாமிடம். அடுத்த ஆண்டு கேரளா அணிக்கு மார்ச்சேனாவும் வந்தார். ஸ்பெயினுக்காகத் தொடர்ந்து 50-க்கும் மேற்பட்ட ஆட்டங்களில் தோல்வியே காணாமல், பிரேசிலின் கரிஞ்சா வைத்திருந்த சாதனையைத் தாண்டியவர். கேரளத்தில் அதிகம் ஆடாமலே ஊர் திரும்பிவிட்டார். வியன்னாவில் கோப்பையைக் காத்த அந்த நால்வரில் இருவர் நம் மண்ணுக்கு ஆட வந்திருக்கிறார்கள். நாம் அப்போது எந்த நடிகர் எந்த அணியை வாங்கினார் என்று பேசிக்கொண்டிருந்தோம்.

காப்தெவிலா அதன் பிறகு பெல்ஜியத்தில் லியர்ஸ், அண்டோராவில் சாந்தா கொலோமா என்று சின்னச் சின்ன அணிகளில் ஆடினார். அண்டோரா நாட்டின் மொத்த மக்களையும் அரியலூர் மாவட்டத்தின் ஒரு வட்டத்துக்குள் குடிவைத்துவிடலாம். உலகக் கோப்பையைத் தொட்ட கையோடு அங்கே போய் ஆட எத்தனை பேருக்கு மனம் வரும்? 2017-ல், 39 வயதில், போதும் என்று நிறுத்திக்கொண்டார்.

தமிழ்நாட்டுக் கதை ஒன்றும் இருக்கிறது. 2019 மார்ச் 9, கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம். ஐ-லீக் கடைசி நாள். சென்னை சிட்டி அணி மினர்வா பஞ்சாபை வென்றால் பட்டம், தவறினால் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலுக்குப் போய்விடும் நிலை. அந்தப் பருவம் முழுக்க ஊர் பேசியது பெத்ரோ மான்சியைப் பற்றி. 21 கோல் போட்டவர், பேச வேண்டியதுதான். அணியின் பின்வரிசையில் ஸ்பெயினிலிருந்து வந்த ராபர்டோ எஸ்லாவா என்ற தடுப்பாட்டக்காரரும் இருந்தார் என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? ஆட்டம் தொடங்கி மூன்றே நிமிடத்தில் மினர்வா ஒரு கோல் போட்டுவிட்டது. இடைவேளைக்குப் பிறகு மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அங்கே கொல்கத்தா அணி கோழிக்கோட்டில் தன் ஆட்டத்தை 2-1 என்று வென்றுகொண்டிருந்தது. இங்கே இரண்டு கோல் போட்டுத் தமிழ்நாட்டுக்கு அந்தப் பட்டத்தை வாங்கித் தந்தவர் கௌரவ் போரா. அசாம்காரர். ஆடிய இடம், தடுப்பு. இறுதிக் கணக்கு 43 புள்ளி, 42 புள்ளி. ஒரு பேக் இரண்டு முறை மேலே ஏறிப் போகாமல் இருந்திருந்தால் அந்தக் கோப்பை ஹவுரா ரயிலில் ஏறியிருக்கும்.

2007-ல் பெரம்பலூரிலிருந்து அரியலூர் தனி மாவட்டமாகப் பிரிந்தபோது, இதழையும் இரண்டாகப் பிரிக்கலாமா என்று சிலர் கேட்டார்கள். வேண்டாம் என்று விட்டோம். இரண்டு மாவட்டத்திலும் இன்று கிரிக்கெட் மட்டைதான் அதிகம், கால்பந்து அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான். இருந்தாலும் செந்துறையிலோ குன்னத்திலோ ஒரு மாலை நேரம் மைதானத்தைக் கடந்து போனால் பிள்ளைகள் ஆள் பிரிப்பது காதில் விழும். "பேக்ல யாரு நிக்கிறது?" என்று ஒருவன் கேட்பான். கொஞ்ச நேரம் யாரும் பேச மாட்டார்கள். பிறகு ஒருவன் அரை மனதோடு பின்னால் நடந்து போவான். போன வாரம் வண்டியை நிறுத்தி அப்படி ஒருவனைப் பார்த்தேன். ஏழாவது படிப்பான். தம்பி, நான்கூட பேக்தான் என்று சொன்னேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்ப நீங்க நல்லா ஆட மாட்டீங்களா சார்?" என்றான்.

அந்தப் பையனுக்காகவும் ஜெயங்கொண்டத்து வாத்தியாருக்காகவும் ஒரு வேண்டுகோள். உங்கள் பள்ளியிலோ ஊர் அணியிலோ ஆலை அணியிலோ நீங்கள் பார்த்த நல்ல பேக் ஒருவரைப் பற்றி எங்களுக்கு எழுதுங்கள். ஊர், ஆண்டு, அவர் எப்படித் தடுப்பார் என்று நினைவிருப்பதை அஞ்சலட்டை அளவுக்கு எழுதினால் போதும். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்புங்கள். பழைய குழுப்படம் இருந்தால் நகல் எடுத்து அனுப்புங்கள், அசல் வேண்டாம், அஞ்சலில் தொலைந்தால் எங்களால் ஈடு செய்ய முடியாது. சித்திரை இதழில் நான்கு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறோம். கோல் போட்டவர்கள் பெயரைச் சேர்க்க வேண்டாம், அவர்கள் எல்லாரும் ஏற்கெனவே நம் இதழில் வந்துவிட்டார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்